இடப்பக்கம் சத்தம் குறைவு

என் ஹெட்போனில் இடப்பக்கம் சத்தம் குறைந்துபோயிருந்தது. ஒன்று சாமான் போயிருக்க வேண்டும், இல்லை காது போயிருக்க வேண்டும். சாமான் போயிருந்தால் மாற்றிவிடலாம். காது போயிருந்தால் என் பிழைப்பு அத்தோடு சரி. கறம்பக்குடிப் பக்கத்தில் மைக் செட் வைத்துப் பிழைக்கிறவன் நான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, சாவு, எதுவாயிருந்தாலும் பாக்ஸையும் குழாயையும் ஏற்றிக்கொண்டு போய்க் கட்டுவேன். ‘அந்தாளுக்குக் காது அவுட்டு’ என்று ஒரு டீக்கடையில் பேச்சுக் கிளம்பினால் போதும், அடுத்த முகூர்த்தத்துக்கு ஒரு பயல் போன் பண்ண மாட்டான். ஆகவே சாமான்தான் போயிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

சந்தேகம் முதலில் எனக்கு வரவில்லை. ஊருக்குத்தான் வந்தது. ஒரு காதுகுத்தில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். விசேஷ வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார்.

“என்னங்க இது, கீச்சு கீச்சுங்குது? காது கிழியுது. கொஞ்சம் கொறைங்க.”

“நல்லாத்தான இருக்கு?”

“எங்கிட்டு நல்லா இருக்கு? சின்னப் புள்ளைக எல்லாம் காதப் பொத்திக்கிட்டு ஓடுதுக.”

காதுகுத்துக்கு வந்த பிள்ளைகள் காதைப் பொத்தாமல் மூக்கையா பொத்தும் என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. என் வாய் அப்படி. நல்ல வார்த்தை வருவதற்குள் கெட்ட வார்த்தை நாலு முந்திக்கொண்டு வந்துவிடும். அவர் போனபிறகு அந்தக் கீச்சைத் தருகிற ட்ரெபிளைக் குறைத்தேன். குறைத்ததும் பாட்டு முழுக்கப் போர்வையைப் போர்த்திக்கொண்டது மாதிரி எனக்கு மங்கிப்போனது. ஆனால் பந்தலில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எல்லாரும் நிம்மதியாகப் பிரியாணி சாப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். அப்போதுதான் இடப்பக்கம் குறைவாக இருப்பது தெரிந்தது. அன்றைக்குத்தான் குறைந்ததா, எப்போதோ குறைந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேனா, அது தெரியவில்லை.

அந்த ஹெட்போன் காதை முழுசாக மூடுகிற பெரிய வகை. போன் தருகிற சத்தம் அதற்குப் பத்தாது, முனகும். அதற்காக நானே ஒரு குட்டி ஆம்ப் கட்டி வைத்திருந்தேன். ஒரு அலுமினிய சோப்பு டப்பாவுக்குள் ஒரு ஐசி, சில கண்டன்சர், ஒரு வால்யூம், ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான். சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் அதைச் சொருகினால் பாட்டு எழுந்து நிற்கும். வேலைக்குப் போகிற இடத்திலும் அது என் பையில் இருக்கும். மிக்சர் லைனை முதலில் அதில் சொருகிக் கேட்டுவிட்டுத்தான் பெரிய ஆம்பை ஆன் பண்ணுவேன்.

சரி, கோளாறு அந்த டப்பாவில்தான் என்று அதைத் திறந்தேன். முதல் குற்றவாளி வால்யூம். ரெண்டு பக்கத்துக்கும் ஒரே தண்டில் ஓடுகிற வால்யூம் அது. குறைத்து வைத்தால் ஒரு பக்கம் கொஞ்சம் முந்தும், ஒரு பக்கம் பிந்தும். அந்தச் சாமானின் பிறவிக் குணம். புதுசு வாங்கிப் போட்டேன். இடப்பக்கம் அப்படியே இருந்தது. அடுத்த குற்றவாளி போன். அதில் ஹெட்போன் சொருகுகிற ஓட்டை லூசாகியிருந்தது. ஆட்டினால் கரகரவென்கும். இதுதான், சந்தேகமே இல்லை, இந்தப் பாழாய்ப்போன ஓட்டைதான் என்று சொல்லிக்கொண்டேன். அந்தச் சமயம் பார்த்து அந்தப் போனும் செத்தது. புதுப் போன் வாங்கினால் அதில் ஓட்டையே இல்லை. சார்ஜ் ஏற்றுகிற இடம் ஒன்றுதான் இருக்கிறது. கடைக்காரனிடம் கேட்டால், இப்பல்லாம் இப்படித்தாண்ணே வருது என்கிறான். அவன் மேல் எரிந்து விழுந்துவிட்டு வந்தேன். பாவம், அவனா போனைச் செய்தான்.

அப்புறம்தான் யூஎஸ்பி போர்டு ஞாபகம் வந்தது. டிஏசி போர்டு என்று போட்டு விற்கிறார்கள். போனுக்குள் பாட்டு வெறும் எண்ணாகத்தான் கிடக்கிறது. அந்த எண்ணை வாங்கிக் காதுக்கேற்ற கரண்டாக மாற்றித் தருவதுதான் இந்தப் போர்டின் வேலை. முன்னெல்லாம் அதைப் போனே செய்து அந்த ஓட்டை வழியாக வெளியே விட்டது. இப்போது சார்ஜ் வாய் வழியாக எண்ணாகவே வெளியே எடுத்து, என் சோப்பு டப்பாவுக்குள் வைத்து மாற்றிக்கொள்ளலாம். லூசு ஓட்டைக்கு இனி வேலையே இல்லை. எண்ணுக்கு இடது வலது பேதம் கிடையாது. ரெண்டு பக்கமும் சரிசமமாக வந்துதான் தீரவேண்டும். இதைக் கட்டி முடித்தால் என் காது நல்ல காது என்று ஊர்ஜிதமாகிவிடும். அப்படித்தான் நினைத்தேன்.

ஆர்டர் போட்டேன். கூரியர்காரன் வழக்கம்போல் மெயின் ரோட்டு டீக்கடையில் போட்டுவிட்டுப் போயிருந்தான். பிரித்தால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பச்சைப் பலகை. ஒரு ஓரத்தில் யூஎஸ்பி வாய், நடுவில் ஒரு கருப்பு ஐசி, அடுத்த ஓரத்தில் இடது, வலது, எர்த் என்று மூன்று புள்ளி.

எங்கள் வீட்டில் ரோட்டைப் பார்த்த ஒரு அறை உண்டு. ஒரே மகள் இருந்த அறை. அவளைக் கட்டிக்கொடுத்துத் திருப்பூர்ப் பக்கம் அனுப்பியபிறகு அதைப் பாக்ஸுக்கு எடுத்துக்கொண்டேன். அதுவரைக்கும் சாமானெல்லாம் பின்னால் கொட்டகையில் கிடந்தது. கொட்டகை ஒழுகும். இந்த அறைக்குள் வந்தபிறகு பாக்ஸுக்குள் இருக்கிற காகிதக் கோன் ஒன்றுகூட நனையவில்லை, ஒரு எலி ஒயரைக் கடிக்கவில்லை. கூரை வரைக்கும் அடுக்கிவிட்டு, ஜன்னலோரம் ஒரு மேசை போட ஒரு ஆள் இடம் விட்டிருந்தேன். உள்ளே எவரும் எதையும் தொடக்கூடாது. என் வீட்டுக்காரிகூட வாசலில் நின்றுதான் டீயை நீட்டுவாள்.

இப்போது வீட்டில் நாங்கள் ரெண்டு பேர்தான். அவளுடைய ஆத்தா, என் மாமியார், புதுக்கோட்டை ரோட்டில் ஒரு ஊரில் தனியாக இருந்தது. போன ஐப்பசி மழையில் கொல்லையில் வழுக்கி விழுந்து, விடியும் வரைக்கும் அப்படியே கிடந்து போய்ச் சேர்ந்துவிட்டது. காலையில் பால்காரர்தான் பார்த்துச் சொன்னார். அந்தச் சாவுக்கும் நான்தான் மைக் செட் கட்டினேன். மருமகனே கட்டினால் என்ன என்று நானே குழாயை ஏற்றிக் கட்டினேன். என் வீட்டுக்காரி அன்றைக்கு அழவில்லை. ஆத்தா தலைமாட்டில் உட்கார்ந்து, நான் ஒயர் இழுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். துக்கம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகும் அவள் அதிகம் பேசுவதில்லை. சோறு வைத்தேன், கரண்டு பில் வந்திருக்கு, மாவு அரைக்கணும், இவ்வளவுதான். வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் கறம்பக்குடி வரைக்கும் வளவளவென்று பேசிக்கொண்டு வருகிறவள், வண்டியில் பேசுவதை அதற்கும் முன்னாலேயே நிறுத்தியிருந்தாள். உண்மையைச் சொன்னால் அப்பாடா என்றுதான் இருந்தது எனக்கு.

எனக்கும் அந்த நாட்களில் பெரிசாக ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபிறகு உதட்டைத் தொட்டால் வேறு யார் உதட்டையோ தொடுவது மாதிரி இருக்குமே, அப்படிக் கிடந்தது எல்லாம். வேலைக்கு ஆள் வந்தால் போவேன். வராவிட்டால் அந்த மேசைமுன் உட்காருவேன்.

போர்டு வேலையை நன்றாகத்தான் செய்தேன், அதில் குறை சொல்ல முடியாது. டப்பாவின் பக்கவாட்டில் யூஎஸ்பி வாய்க்கு ஓட்டை போட்டு, அரத்தால் ராவிச் சதுரமாக்கினேன். அலுமினியத் தூள் உள்ளே கிடந்தால் ஷார்ட் ஆகும் என்று பெயிண்ட் பிரஷ்ஷால் கூட்டித் தள்ளினேன். போர்டின் மூன்று புள்ளியிலிருந்து மெல்லிசு ஒயர் எடுத்து ஒரு சுவிட்சுக்குக் கொண்டுபோனேன். சுவிட்சை இந்தப் பக்கம் தள்ளினால் மிக்சர் லைன், அந்தப் பக்கம் தள்ளினால் யூஎஸ்பி. அங்கிருந்து வால்யூமுக்கு, அங்கிருந்து ஐசிக்கு. போர்டுக்கு வேண்டிய கரண்டைப் போனே கொடுத்துவிடும். ஆம்புக்குப் பழையபடி பேட்டரிதான்.

முதல் தடவை ஆன் பண்ணியபோது பாட்டுக்குப் பின்னால் கொசு மாதிரி ஒரு சத்தம் ஊதிக்கொண்டே இருந்தது. அது என் பழைய பகையாளி. எர்த் ரெண்டு வழியாகச் சுற்றினால் அப்படித்தான் ஊதும். ஒயரைச் சுற்றியிருக்கிற கம்பி வலையை ரெண்டு முனையிலும் பத்தவைத்திருந்தேன். ஒரு முனையை வெட்டிவிட்டேன். கொசு அடங்கியது. கப்சிப். இத்தனை வருஷத்தில் நான் கட்டியதிலேயே சுத்தமான வேலை அது.

சோதனைக்குப் பாட்டுப் போடவில்லை. பாட்டில் ஒரு வாத்தியத்தை இங்கிட்டும் ஒன்றை அங்கிட்டும் வைத்திருப்பார்கள், ஏமாற்றும். என் குரலையே போனில் பதிந்தேன். ‘ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ.’ ஒற்றைக் குரல் ரெண்டு பக்கமும் ஒரே அளவில் வந்தால் இடதும் தெரியாது, வலதும் தெரியாது. நடு மண்டைக்குள் ஒரு ஆள் நின்று பேசுவது போல் இருக்கும். சமமாக இருக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல தராசு கிடையாது.

மாட்டினேன். போட்டேன். என் குரல் வலது காதோரம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு ஹலோ ஹலோ என்றது.

கோபம்தான் வந்தது. தூத்தேறி என்று மேசையைக் குத்தினேன். போர்டையே தப்பாக விற்றிருக்கிறான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ரெண்டு பாக்ஸில் ஒன்று பேசவில்லையென்றால் ஸ்குரூ டிரைவரைத் தேட மாட்டோம். இடது ஒயரை வலதிலும் வலது ஒயரை இடதிலும் மாற்றிச் சொருகுவோம். ஊமை அந்தப் பக்கம் நகர்ந்தால் கோளாறு ஒயருக்குப் பின்னால், ஆம்ப் பக்கம். நகராமல் அங்கேயே நின்றால் கோளாறு பாக்ஸில். சந்தையில் கத்திரிக்காய் அமுக்கிப் பார்ப்பது மாதிரி, யோசிக்காமல் கை செய்யும்.

போர்டிலிருந்து வந்த ஒயரை மாற்றிப் பத்தவைத்தேன். குறை இடது பக்கமே நின்றது. சரி, போர்டு யோக்கியன். வால்யூமில் மாற்றினேன். இடது பக்கமே நின்றது. ஐசியைக் கழற்றி வேறு போட்டேன். ஹெட்போன் சொருகுகிற சாக்கெட்டில் மாற்றினேன். எதை மாற்றினாலும் அது இடது பக்கமே, குத்துக்கல் மாதிரி நின்றது.

டப்பாவில் மாற்ற ஒன்றும் பாக்கியில்லை. பாக்கி ஒரே ஒரு இடம்தான். அந்த ஹெட்போனைத் தலையில் திருப்பி மாட்ட வேண்டும். இடது கிண்ணம் வலது காதில், வலது கிண்ணம் இடது காதில். சால்டர் வேண்டாம், கத்திரி வேண்டாம். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். குறை வலது பக்கம் நகர்ந்தால் ஹெட்போன் போயிற்று. நகராமல் நின்றால்.

எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாளும் அதை மட்டும் செய்யவில்லை. சால்டரெல்லாம் ஒரு தடவை புதுசாக வைத்தேன். பேட்டரி மாற்றினேன். போனில் ஏதாவது செட்டிங் இருக்குமோ என்று நோண்டினேன். கோயில் திருவிழாக்காரர்கள் போன் பண்ணினார்கள். பங்குனியில் உங்க செட்டுதாங்க, புது ஆளுக நாலு பேரு கேட்டும் வேணாம்னுட்டோம் என்றார்கள். வந்துர்றேங்க என்று சொல்லிவிட்டு, போனை வலது காதில் வைத்திருக்கிறேன் என்பதைக் கவனித்தேன். முன்பெல்லாம் எந்தக் காதில் வைப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

பயம் அன்றைக்குத்தான் வந்தது. போனை இடது காதுக்கு மாற்றிப் பார்க்காமல் சட்டைப் பைக்குள் போட்டேன்.

எப்போது போயிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். போன வருஷம் ஆடி. மது எடுப்புத் திருவிழா. பெண்கள் தென்னம்பாளை வைத்த குடத்தைத் தூக்கிக்கொண்டு குலவை போட்டுக்கொண்டு வருகிறார்கள், குலவை மைக்கில் வரவில்லை என்று ஊரே கத்துகிறது. நான் மைக்கின் கெயினை ஏற்றினேன். பாக்ஸ் ஊளையிட்டது. நான் எப்போதும் பாக்ஸை மேசைக்கு இடப்பக்கம்தான் வைப்பேன். வலப்பக்கம் மேடை தெரிய வேண்டும் என்பதற்காக. எந்த ஊருக்குப் போனாலும் அப்படித்தான். அன்றைக்கு இடமில்லாமல் கை எட்டுகிற தூரத்தில் வைத்திருந்தேன். அந்த ஊளை இடது காதுக்குள் கம்பி மாதிரி இறங்கியது. அதற்கப்புறம் ‘ங்ஙொய்’ என்று ஒரு இரைச்சல். திருவிழா முடிந்தால் காது இரைவது வழக்கம்தான், தூங்கி எழுந்தால் போய்விடும். அந்தத் தடவை போகவில்லை. போகாததும் பழகிவிட்டது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு எதற்குப் போர்டு வாங்கினாய் என்றால் என்ன சொல்வது. தெரிந்தது வேறு, மாட்டிப் பார்ப்பது வேறு.

அன்று சாயங்காலம் மறுபடி மாட்டினேன். ஹலோ ஹலோ வலது காதோரம். கழற்றி மேசைமேல் வீசினேன். அது தெறித்து, அடுக்கியிருந்த பாக்ஸில் பட்டு வாசல் பக்கம் விழுந்தது. டீயோடு வந்த என் வீட்டுக்காரி அதைப் பார்த்தாள். டம்ளரை வைத்துவிட்டுக் குனிந்து எடுத்தாள். ஒயர் கழன்றிருக்கவில்லை; திரும்பத் திரும்ப ஓடும்படி போட்டிருந்த குரல் உள்ளே இன்னும் பேசிக்கொண்டிருந்தது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். தலையில் மாட்டிக்கொண்டாள். அந்த அறைக்குள் இருந்த ஒரு சாமானை அவள் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவள் முகம் மாறியது. பல மாசமாகப் பார்க்காத சிரிப்பு.

“அட, நீங்கதான பேசுறீங்க! ஹலோ ஹலோங்குறீங்க.”

“எந்தப் பக்கம் சத்தம் கூட இருக்கு?”

“ஆ?” காதில் கிண்ணம் இருந்ததால் கத்தினாள்.

“எந்தப் பக்கம் கூடங்குறேன்!”

“பக்கமா? பக்கமெல்லாம் இல்லைங்க. நடு மண்டைக்குள்ள நின்னுல்ல பேசுறீங்க.”

அவளுக்கு மைக் செட்டும் தெரியாது, தராசும் தெரியாது. அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. நடு மண்டைக்குள் என்றாள்.

“நீங்களே கேளுங்க” என்று, எதிரே வந்து நின்றபடியே அவள் தலையிலிருந்து கழற்றி, திருப்பாமல் அப்படியே என் தலையில் மாட்டினாள். எதிரே நிற்கிறவள் அப்படி மாட்டினால் இடது வலதாகிவிடும். அவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது. நான் கையைத் தூக்குவதற்குள் மாட்டிவிட்டாள்.

குரல் வலது காதோரம் நின்று ஹலோ ஹலோ என்றது. இடது பக்கம், பஞ்சு அடைத்த மாதிரி, அப்படியே.

கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். டீயில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னங்க, என்னங்க என்று அவள் கேட்பது தெரிந்தது.

“சாமான்ல கோளாறு இல்ல. காதுதான். போயிருச்சு.”

“எந்தக் காது?”

“இடது.”

அவள் என் இடது காதைப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள். “எப்பருந்து?”

“போன ஆடி. மது எடுப்புலருந்து.”

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் எதையோ கூட்டிக் கழிக்கிற மாதிரி இருந்தது. ஆடி, ஆவணி என்று உதடு அசைந்தது.

“அப்ப, ஆவணியில ஆத்தாவப் பாத்துட்டு வண்டியில வந்தமே. அப்ப நான் ஒங்ககிட்ட ஒண்ணு கேட்டேன்.”

“என்ன கேட்ட?”

“காதுல விழவே இல்லையா?”

“என்ன கேட்டன்னு சொல்லு.”

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் கணக்குப் போட்டுவிட்டேன். சேலை கட்டினவர்கள் வண்டியில் ரெண்டு காலையும் இடப்பக்கம் தொங்கப்போட்டுத்தான் உட்காருவார்கள். அப்படி உட்கார்ந்தால் வாய் வந்து சேருகிற இடம் ஓட்டுகிறவனின் இடது காது. போன ஆடியிலிருந்து அவள் வண்டியில் பேசியது ஒன்றுகூட எனக்குள் வரவில்லை. பேசிப் பேசிப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தியிருக்கிறாள். நான் அப்பாடா என்று ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“இங்கிட்டு வந்து சொல்லு” என்று வலது பக்கத்தைக் காட்டினேன். அதற்கு ரெண்டு பாக்ஸை நகர்த்த வேண்டியிருந்தது. நகர்த்தினேன். அவள் வந்து நின்றாள்.

“ஆத்தாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல, கொல்லைக்குப் போகவே தடுமாறுதுன்னு சொன்னேன். பாக்ஸையெல்லாம் பழையபடி கொட்டகையில போட்டுட்டு, இந்த ரூமுல ஆத்தாவக் கொண்டாந்து வச்சுக்கிருவமான்னேன்.” நகர்த்திய பாக்ஸின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். “மூஞ்சியப் பாத்துக் கேட்டா கத்துவீங்க. அதான் வண்டியில பின்னாடி உக்காந்து கேட்டேன். நீங்க ஒண்ணுஞ் சொல்லல. வண்டிய முறுக்குனீங்க. சரி, இஷ்டமில்ல போலன்னு விட்டுட்டேன்.”

“எனக்குக் கேக்கல.”

“அதான் இப்பத் தெரியுதே.”

வெளியே ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகட்டும் என்று இருந்துவிட்டு அவள் கேட்டாள். “காதுல விழுந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

நான் அந்த அறையைப் பார்த்தேன். கூரை வரைக்கும் பாக்ஸ். ஜன்னலோரம் ஒரு கட்டில் தாராளமாகப் போடலாம். என் மனசில் முதலில் வந்தது என் மாமியாரின் முகம் இல்லை. கொட்டகை ஒழுகுமே, கோனெல்லாம் நனைந்து போகுமே, அதுதான் வந்தது. இத்தனைக்கும் பிறகு, அந்த நிமிஷத்தில்கூட, அதுதான் முதலில் வந்தது.

“கூட்டிட்டு வந்திருப்போம்” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஆறிய டீயை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காது டாக்டரைப் பார்க்கப் புதுக்கோட்டைக்குக் கிளம்பினோம். சோப்பு டப்பாவை எடுத்துக்கொள்ளவில்லை. அது மேசைமேல் பழுதில்லாமல் கிடந்தது. நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டுக் காத்திருந்தேன். அவள் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தாள். சேலையைக் கணுக்காலில் இடுக்கிக்கொண்டு, கால் ரெண்டையும் வலப்பக்கம் தொங்கப்போட்டு ஏறி உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் கால் வைக்கக் கம்பி கிடையாது. கால் அந்தரத்தில் ஆடியது. என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கடைத்தெருவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடையில் ஒருவன், “என்னத்தா, மாத்தி உக்காந்திருக்க? எதுக்க வர்ற லாரி காலத் தட்டிரும்” என்று கத்தினான். வேறு நாளாக இருந்தால் வண்டியை நிறுத்தி அவனை ஒரு வழி பண்ணியிருப்பேன். அன்று பேசாமல் ஓட்டினேன். மெதுவாகத்தான் ஓட்டினேன்.

வலது காதில் எல்லாம் வந்தது. செயின் உரசுவது, எதிரே வருகிற வண்டிக் காற்று, அவள் வளையல், அவள் மூச்சு. அவள் பேசுவாள் என்று ஒவ்வொரு ஊராகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பேசவில்லை. ஆத்தா ஊருக்குப் பிரிகிற ரோட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. அதற்கு முன்னால் ரெண்டு பக்கமும் தைலமரக் காடு. காடு முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பாலம், அதற்கு முன்னால் ஒரு வேகத்தடை. அந்த இடத்தில் யாரானாலும் வண்டியை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். காற்றும் இருக்காது, இரைச்சலும் இருக்காது. வேகத்தடைக்காகப் பிரேக்கைப் பிடித்தேன்.

அவள் முகம் என் தோளுக்கு மேல் வந்தது.

“இந்த எடத்துலதான் கேட்டேன்” என்றாள்.

ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது.